ஒச்சப்பன் வீட்டு நாற்காலி

சடையாண்டி வாழ்வை முதலில் கெடுத்தது மங்கையர்க்கரசி டீச்சர்தான். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் கெடுத்தார்கள். பக்கத்து வீட்டு ஒச்சப்பன், ஏலக்காய்த் தோட்டத்துக் கங்காணி, மருமகன் என்று வந்து நின்ற ஒல்லிப் பயல், சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்த பெண்டாட்டி பவுனுத்தாய்கூட ஒரு வகையில் அந்தக் கூட்டத்தில் சேர்த்திதான். ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறதே, அந்த வரிசையின் தலைமாட்டில் நிற்பவள் இவள். இதோ இப்போதும் நிற்கிறாள், கல்யாண மண்டபத்து மேடைக்குக் கீழே, மைக்கைப் பிடித்துக்கொண்டு, மைக்குக்குள் ஊதிக்கொண்டு. "கேக்குதா? கடைசி வரைக்கும் கேக்குதாம்மா?" கேட்காமல் என்ன, தெருமுனை வரைக்கும் கேட்கிறது. மண்டபத்துக் காவலாள் சடையாண்டி பக்கவாசல் தூணில் முதுகைக் கொடுத்து நின்றார். கல்யாணம் இல்லாத நாட்களில் மண்டபத்தை இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு விடுவார்கள். மேடையில் மாப்பிள்ளை பெண் பெயர் தொங்கவேண்டிய இடத்தில் துணி பேனர் தொங்கியது. குடும்பங்களைத் தேடிச் சென்று வழிகாட்டும் களப்பணியாளர்களுக்கான திறன் வளர்ப்புப் பயிற்சி. மூன்றாம் வகுப்போடு நின்ற அவர் எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் வாயிலிருந்த பீடி அணைந்துபோனது. குடும்பங்களைத் தேடிச் சென்று. தேடிப் போய் என்ன செய்வார்கள் என்று அவரிடம் கேட்டால் சொல்லுவார். காலையில் வேனிலிருந்து அவள் இறங்கியபோதே தெரிந்துவிட்டது. தலை நரைத்திருக்கிறது, உடம்பு பெருத்திருக்கிறது, இடது காலை ஒரு மாதிரி இழுத்து வைக்கிறாள், ஆனால் அந்தக் குரல் அதே குரல், எதிரில் நிற்பவர் எல்லாம் காது மந்தமானவர்கள் என்பதுபோல ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைக்கிற குரல். அவளுக்கு அவரைத் தெரியவில்லை. "ஐயா, ஃபேனக் கொஞ்சம் கூட்டி வைங்க" என்றாள். கூட்டி வைத்தார்.

காலையிலிருந்து நாற்காலியோடு மல்லுக்கட்டுதான். முந்தின நாள் சாயங்காலமே வரிசையாகப் போட்டு வைத்திருந்தார், கோடு பிடித்த மாதிரி. வந்ததும் இவள் அதைப் பார்த்துவிட்டு, "ஐயா, சேரே வேண்டாம், எடுத்துருங்க, நாங்க கீழதான் உக்காருவோம்" என்றாள். எடுத்தார். ஜமுக்காளம் விரித்தார். பெண்கள் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருத்திக்கு இடுப்பு, ஒருத்திக்கு முட்டி, ஒருத்தி மாசமா இருக்காளாம். "ஐயா, சேர் போட்டுருங்க, ஆனா வட்டமா." போட்டார். ஒரு நாற்காலியின் கைப்பிடி விரிந்து உள்ளங்கையைக் கவ்வியது, சதை சிவந்துபோனது. வட்டமாக உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்றால், "இன்னைக்கு ஒங்க மனசு எந்தக் காய்கறி மாதிரி இருக்கு, ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றாள். படித்த பெண்கள், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பெண்கள், ஒருத்தி எழுந்து, நான் இன்னைக்குச் சுரைக்காய் மேடம் என்கிறாள். ஏம்மா சுரைக்காய்? உள்ள ஒண்ணுமில்லாம லேசா இருக்கேன் மேடம். கைதட்டல். அதிலும் சாதாரணக் கைதட்டல் இல்லை, மழைக் கைதட்டலாம், ஒரு விரலால் தட்டி, இரண்டு விரலால் தட்டி, அப்படியே ஏற்றிக்கொண்டுபோய் மழை கொட்டுகிற மாதிரி முழுக் கையால் தட்டுவது. சடையாண்டி வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். இதற்குத்தான் வேன் வைத்து வந்து இறங்கினார்களா? இதைக் கற்றுக்கொண்டா ஊர் ஊராகப் போய் அடுத்தவன் வீட்டுப் படியேறுகிறார்கள்? சுவரில் கலர் காகிதத்தை டேப்பு வைத்து ஒட்டுகிறார்கள், பிய்க்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரும், வாங்கிக் கட்டிக்கொள்வது அவர்தான். அவர் மனசு எந்தக் காய்கறி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாகற்காய் என்று சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்க மாட்டார். இதெல்லாம் ஒரு கேள்வி.

வட்டத்தின் எதிர்ப்பக்கம், ஜன்னல் ஓரம், பச்சைச் சேலை. பார்க்கக்கூடாது என்றுதான் காலையிலிருந்து தூணுக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். ஆனால் கண் போகிறது. மகள் வீரலட்சுமி. வேனிலிருந்து மூன்றாவதாக இறங்கியவள், கேட்டைப் பிடித்து நின்றவரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். "இங்கதான் வேலையா?" "ம்." "எப்பருந்து?" "ஆச்சு." அவ்வளவுதான் பேச்சு. அம்மா செத்த பதினாறாம் நாளுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு. சாப்பிட்டியா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பின்னால் வந்த பெண் "யாரு வீரா?" என்று கேட்டதற்கு, தெரிஞ்சவங்க என்றாள். தெரிஞ்சவங்க. சரிதான், தெரிந்தவர்தான். பெற்றவர் என்றால் தெரியாமல் இருக்குமா. ஆனால் அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்கு அப்பன் என்றால் ஒரே ஒரு காட்சிதான். நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, இல்லை, கால்மேல் கால் போடவில்லை, அது இவர்கள் சேர்த்துக்கொண்டது, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அப்பன், தரையில் உட்கார்ந்து அழுகிற அம்மா. கடைக்குப் போய்விட்டு வாசலில் வந்து நின்ற பிள்ளை அதை மட்டும்தான் பார்த்தது. அதற்கு முன்னால் நடந்ததைப் பார்த்தவர்கள் மூன்றே பேர். ஒருத்தி மண்ணுக்குள் போய்விட்டாள். ஒருவர் தூணில் சாய்ந்து நிற்கிறார். மூன்றாவது ஆள் மைக்கில் ஊதிக்கொண்டிருக்கிறாள்.

அவரே மகளிடம் சொல்லியிருக்கலாம். பவுனுத்தாய் இருந்தவரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், "ஒரு வார்த்த சொன்னாத்தான் என்ன, வாய்ல முத்து உதுந்துருமா?" நீ சொல்லு என்றால், "எனக்கென்ன வந்துச்சு, ஒங்க வீம்பு ஒங்களோட" என்பாள். அப்பன்காரன் பெற்ற மகளுக்கு முன்னால் கைகட்டி நின்று, அம்மா தாயே, நான் அப்படி இல்லை என்று விளக்கம் சொல்வதா? கெடுத்தவள் இருக்கிறாள், அவள் வாயால் வரட்டும். ஒரே ஒரு வார்த்தை. அவர் எனக்குத்தான் நாற்காலி போட்டார், நான்தான் உட்காரவில்லை. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சுரைக்காய் சொன்ன நேரத்தில் பாதி. வருஷக்கணக்காக அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்து, எந்த ஊரில் இருக்கிறாளோ, உயிரோடு இருக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, இன்றைக்கு வேனில் ஏறி அவர் காவல் காக்கிற வாசலுக்கே வந்திருக்கிறாள், மகளையும் கூட்டிக்கொண்டு. தற்செயலாக இப்படி அமையுமா? நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இடது பக்கம். பவுனுத்தாயும் இடது பக்கம்தான் என்றாள், வாய்வாக இருக்கும் என்றார் இவர், இஞ்சி தட்டிப் போடு என்றார். இன்றைக்குப் போய் நெஞ்சு நின்று தொலைத்தால், இந்தக் கூட்டம் மழைக் கைதட்டல் தட்டி அனுப்பிவைக்கும்.

"இப்ப நாம ஒரு வீட்டுக்குப் போறோம்" என்றாள் டீச்சர். "போனதும் மொத வேல என்ன?" செருப்பைக் கழற்றுவது என்றது ஒரு குரல். வணக்கம் சொல்வது என்றது இன்னொன்று. "தண்ணி குடுத்தா வேணாம்னு சொல்லாம குடிக்கணும். சரி. நாற்காலி போடுவாங்க. எங்கிருந்தாச்சும் கொண்டாந்து போடுவாங்க. உக்காரலாமா?" கூடாது மேடம், என்று மண்டபமே பள்ளிக்கூடம்போல் இழுத்தது. "ஏன் கூடாது? நாம அவங்களுக்கு மேல உக்காந்தா அவங்க நம்மகிட்ட மனசத் தொறக்க மாட்டாங்க. தரையில, அவங்களோட, அவங்கள மாதிரி." சடையாண்டிக்குத் தூண் நகர்ந்த மாதிரி இருந்தது. அப்போது தெரியுமா இவளுக்கு? நாற்காலி போடுவார்கள் என்று தெரியுமா? எங்கிருந்தாவது கொண்டுவந்து போடுவார்கள் என்றுகூடத் தெரிந்திருக்கிறதே. இத்தனை நாளும் ஒரு ஓரத்தில், பாவம், கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று ஒரு எண்ணம் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அது இப்போது உதிர்ந்தது. தெரிந்தே உட்காராதவள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் மட்டும் கையைத் தூக்கினாள். "மேடம், கஷ்டப்பட்டு நாற்காலி போட்டு நாம உக்காரலன்னா அவங்களுக்குச் சங்கடமா இருக்காதா?" பரவாயில்லை, ஒன்றாவது மனுஷப் பிறவி. டீச்சர் சிரித்தாள். "மொதல்ல அப்பிடித்தாம்மா இருக்கும். அப்புறம் சந்தோசப்படுவாங்க. அட, நம்மளப் போல ஒருத்தருன்னு நெனைப்பாங்க." யார் சொன்னது? எந்த வீட்டில் சந்தோஷப்பட்டான், எவன் வந்து உன்னிடம் சொன்னான்? உன்னைப் போல ஒருத்தி எனக்கு எதற்கு? என் பக்கத்து வீட்டில் ஒச்சப்பன் இருக்கிறான் என்னைப் போல, கங்காணிக்குப் பயந்த பயல்கள் தெருப்பூராவும் இருக்கிறார்கள் என்னைப் போல. டீச்சர் என்று ஒருத்தி வருகிறாள் என்றால் டீச்சராக வரவேண்டும், டீச்சராக உட்காரவேண்டும்.

ஒச்சப்பனோடு அப்போது பேச்சு இல்லை. அவன் வீட்டுக் கழிவுத் தண்ணியை இவர் வாசல் வழியாகத் திருப்பிவிட்டான், இவர் மண்ணைப் போட்டு அடைத்தார், அவன் பஞ்சாயத்தில் போய் நின்றான், அன்றிலிருந்து இரண்டு வீட்டுக் கோழிகூடப் பேசிக்கொண்டதில்லை. மகள் வீரு ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு ஆத்தாளுடன் ஜீப்பில் ஏலக்காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் போயின, இவர் மட்டும் என்ன ராசாவா. டீச்சர் வருகிறார்கள், பிள்ளையைப் பள்ளிக்கூட விடுதியில் சேர்க்கப் பேசுவார்கள் என்று பவுனுத்தாய் வந்து சொன்ன அன்றைக்கு ராத்திரியே அவர் முடிவு பண்ணிவிட்டார். அதை யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் மலையேறும் ஜீப்பில், கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, சொல்லவேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். வாங்க டீச்சர், உக்காருங்க. எம்பிள்ளைய ஒங்ககிட்ட ஒப்படைக்கிறேன். இதுதான். முதலில் வாங்க, பிறகு உக்காருங்க, அதற்குப் பிறகுதான் பிள்ளை. அதற்கு நாற்காலி வேண்டும். வீட்டில் ஒரு கால் உடைந்த முக்காலிதான் இருந்தது. பேசாத வீட்டு வாசலில் போய் நின்று, இருமி, மறுபடியும் இருமி, கடைசியில் வாயைத் திறந்தார். "ஒரு நாற்காலி வேணும்." ஒச்சப்பன் மேலும் கீழும் பார்த்தான். "எதுக்கு?" "டீச்சர் வர்றாங்க." அவன் உள்ளே போய், சிவப்பு நாற்காலி, கைவைத்தது, ஜவுளிக்கடைக்காரன் மாதிரி தோள் துண்டால் துடைத்துக் கொடுத்தான். அந்தத் துடைப்பில் இருந்தது எல்லாம். பார், என் வாசலுக்கு வந்துவிட்டாயே என்று ஒவ்வொரு காலாகத் துடைத்தான். அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெரு பார்க்க நடந்து வந்தார் சடையாண்டி. அந்த நடை அவருக்கு லேசான நடை இல்லை.

வந்தாள். வீருவைக் கலர் சோடா வாங்கிவரக் கடைக்கு விரட்டிவிட்டு, நாற்காலியை நடுவீட்டில் போட்டு, வாங்க டீச்சர், உக்காருங்க என்றார். "பரவால்லய்யா, நான் கீழ உக்காந்துக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே பொத்தென்று பவுனுத்தாய் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி நடுவீட்டில் நின்றது. உக்காருங்க டீச்சர் என்று இன்னொரு தரம் சொன்னார். இருக்கட்டும்யா, இருக்கட்டும். இருக்கட்டுமாம். அடிபட்ட இடத்திலேயே மறுபடி அடித்த மாதிரி. அடுத்த வார்த்தை வரவில்லை, வரிசை அறுந்துவிட்டது, உக்காருங்க என்பது நடக்காமல் பிள்ளை என்பது எப்படி வரும்? நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒச்சப்பன் பெண்டாட்டி இருமினாள். டீச்சர் கழுத்தை அண்ணாந்து பார்த்து, "நீங்க ஏன்யா நிக்கிறீங்க, உக்காருங்க" என்றாள். இவர் வீட்டில் இவரை உட்காரச் சொல்கிறாள். பவுனுத்தாய் கண்ணைக் காட்டினாள், நிற்காதீர்கள், பயமாக இருக்கிறது என்று. உட்கார்ந்தார். அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார், வேறு எதில் உட்காருவது? அதற்குள் அவள் பிள்ளைகளின் உரிமை, எதிர்காலம் என்று ஆரம்பித்தாள், ஒவ்வொரு சொல்லாக, காது மந்தமானவனுக்குச் சொல்வதுபோல. நான் அனுப்பத்தான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தவர் வாயில் வந்தது முடியாது என்பதுதான். ஏன் அப்படி வந்தது என்று கேட்டால், உட்காராதவளிடம் வேறு என்ன வரும்? பவுனுத்தாய் அழுதாள். வாசலில் கலர் பாட்டிலோடு வீரு நின்றாள். அந்த வாரமே அப்பனைக் கேட்காமல் ஆத்தாளும் மகளும் விடுதிக்குப் பெட்டியோடு போனார்கள். நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஒச்சப்பன் கேட்டான், "டீச்சர் உக்காந்தாங்களா?" ம் என்றார். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"இப்ப ஒரு நெஜமான கேஸ்" என்றாள் டீச்சர். "பேரு மாத்தியிருக்கேன். பொண்ணு பேரு கற்பகம்னு வச்சுக்குவோம். மலையடிவாரத்துல ஒரு வீடு. நான் உள்ள போறேன். வீட்டுல ஒரே ஒரு நாற்காலி. அதுல யாரு உக்காந்திருப்பா?" அப்பா, என்றது கூட்டம். "அப்பா! சட்டமா உக்காந்திருக்காரு. அம்மா தரையில. நானும் தரையில. அந்தப் புள்ள வாசல்ல நிக்கிது. அந்த வீட்டோட மொத்தக் கதையும் அந்த ஒரு நாற்காலியில இருந்துச்சு." பெண்கள் உச் கொட்டினார்கள். ஜன்னலோரப் பச்சைச் சேலை தலையைக் குனிந்துகொண்டது. பெயரை மாற்றிவிட்டாளாம். பெயரை மாற்றினால் ஆள் மாறிவிடுவானா? ஆளை அப்படியே வைத்துக்கொண்டு நடந்ததையல்லவா மாற்றியிருக்கிறாள். வீட்டில் ஒரே ஒரு நாற்காலியாம். வீட்டில் நாற்காலியே கிடையாதடி, அதுவும் உனக்காக இரவல் வாங்கினது. எத்தனை மண்டபத்தில், எத்தனை பெண்களுக்கு முன்னால், எத்தனை உச் கொட்டலுக்கு அவரைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள்? பெரியகுளத்தில், கம்பத்தில், மதுரையில், அவர் பார்க்காத ஊரெல்லாம் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். துண்டை முறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இத நடிச்சுப் பாப்போம். அப்பாவா நடிக்க ஒரு ஆம்பள வேணுமே" என்றாள். சுற்றிப் பார்த்தாள். பார்வை வந்து தூணில் நின்றது. "ஐயா, நீங்க வாங்களேன்." பெண்கள் திரும்பினார்கள், சிரிப்பு. "வாங்கண்ணே, சும்மா வாங்க, அஞ்சு நிமிசம்!" "அண்ணன் மீசையே போதும்!" வரமாட்டேன் என்று சொல்லலாம். கேட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நழுவலாம். "டீச்சரா யாரு? வீரா, நீ வாம்மா, ஒனக்குத்தான் இது நல்லா வரும்" என்றாள் அடுத்ததாக. வீரு எழுந்திருக்கவில்லை. "மேடம், வேற யாராச்சும்..." "எந்திரிம்மா, வெக்கப்படாத." அப்பனும் மகளும் வட்டத்துக்கு நடுவே வந்து நின்றார்கள். ஒரு பெண் சேலையை இழுத்து மூடிக்கொண்டு அம்மாவாகத் தரையில் உட்கார்ந்து, இப்போதே மூக்கை உறிஞ்சினாள். நடுவில் ஒரு நாற்காலி. காலையில் உள்ளங்கையைக் கவ்வினதே, அதே கைப்பிடி விரிந்தது. "ஐயா, நீங்க இதுல உக்காந்துக்கிட்டு, அவங்க என்ன சொன்னாலும் முடியாதுன்னு சொல்லணும், அவ்வளவுதான்" என்றாள். அவ்வளவுதானாம். வீரு செருப்பைக் கழற்றுவதுபோலக் காட்டி உள்ளே வந்தாள். கண் தரையில் இருந்தது. காது ஓரம் அவள் அம்மாவுக்கு இருந்த அதே மச்சம். சடையாண்டி நாற்காலியைத் தூக்கினார். அதைக் கொண்டுபோய் மகளுக்கு முன்னால் வைத்து, துண்டால் துடைத்தார். முதுகை, கையை, ஒவ்வொரு காலாக.

"வாங்க டீச்சர். உக்காருங்க."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. "ஐயய்யோ, ஐயா, நீங்க வாங்கன்னு சொல்லக்கூடாது, மொறைக்கணும்!" என்று டீச்சரும் சிரித்தாள். வீரு பாடம் படித்தவள்போல், "பரவால்லய்யா, நான் கீழ உக்காந்துக்கிறேன்" என்று பாதி குனிந்தாள். அச்சு அசல் அதே சொல். இவர்கள் எல்லோருக்கும் ஒரே சொல்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. "ஒங்களுக்குத்தான் வாங்கியாந்தேன்" என்றார். குரல் எங்கேயோ அடியிலிருந்து வந்தது. "அடுத்த வீட்டுல கேட்டு." குனிந்தவள் குனிந்தபடி நின்றாள். தலையை நிமிர்த்தினாள். அப்போது பேசியது டீச்சர் வேஷம் இல்லை. "எந்த வீட்டுல?" "ஒச்சப்பன் வீட்டுல." மகள் கண் நாற்காலிக்குப் போனது, அவர் முகத்துக்கு வந்தது, அங்கிருந்து மேடைப் பக்கம், மைக் பிடித்தவளுக்குப் போய் நின்றது. இதோ, இப்போது சொல். இப்போது சொன்னால் போதும், அடியே, உனக்குக் கும்பிடு போடுகிறேன், இப்போது சொல். "சூப்பர்!" என்றாள் டீச்சர். "பாருங்க, ஐயா எவ்வளவு இயல்பா நடிக்கிறாரு. ஆனா நம்ம கேஸ்ல இது கெடையாது. வீரா, நீ கீழ உக்காரு. ஐயா, நீங்க சேர்ல." வீரு உட்காரவில்லை. "வீரா, டைம் ஆகுதும்மா." உட்கார்ந்தாள், தரையில். சடையாண்டி உட்காரவில்லை. உக்காருங்கண்ணே, பசிக்குது என்றது ஒரு குரல். இந்தத் தடவை கண்ணைக் காட்டப் பவுனுத்தாய் இல்லை. நின்றார். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார், முடியாது என்றுகூடச் சொல்லவில்லை. கடைசியில் டீச்சருக்கே அலுத்துவிட்டது. "சரி, சாப்பாட்டுக்கு அப்புறம் பாப்போம். ஐயாவுக்கு ஒரு மழைக் கைதட்டல்!" ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல், பிறகு அவர் தலைமேல் கொட்டித் தீர்த்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை ஏந்தி நின்றார்கள், உட்கார்ந்தார்கள், இருந்த நாற்காலி எல்லாம் நிரம்பிவிட்டது. வட்டத்து நடுவில் இருந்ததைத் தூக்கிவந்து சுவரோரம் வைத்து, அதன் முதுகில் கையை ஊன்றி நின்றார் சடையாண்டி. வீரு வந்தாள். கையில் தட்டு இல்லை. "ஒச்சப்பன் வீட்டோட பேச மாட்டியே. அவரு வீட்டுக்கா போன?" "சோறு ஆறிப்போகும், போயிச் சாப்புடு." "அப்பா, கேக்குறேன்ல." பதில் சொல்வதற்குள் டீச்சர் காலை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள், தட்டில் சாம்பார் சாதமும் ரசக் கிண்ணமும் அப்பளமும். "ஐயா, நல்லாப் பண்ணுனீங்க. ஒங்கள எங்கயோ பாத்த மாதிரியே இருக்கு. எந்த ஊரு?" ஜீப்பில் கம்பியைப் பிடித்துத் தொங்கிய அன்றைக்குப்போலச் சொல்லெல்லாம் வரிசையாக வந்து நின்றது. இப்போது வாயைத் திறந்தால் போதும். நான்தான் உன் கேஸு, உன் கற்பகத்தின் அப்பன், சொல்லு. சொல்லச் சொல்லிக் கேட்பதா? கேட்டு வாங்கினால் அது என்ன வார்த்தை? தட்டில் விழுகிற சில்லறைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? கெடுத்தவளுக்குத் தானாகத் தெரியவேண்டும். தெரியவில்லை என்றால் தெரியும் வரைக்கும் இருக்கட்டும். "இந்த மண்டபந்தான்" என்றார். "இல்லய்யா, சொந்த ஊரு." "எல்லாம் இந்தப் பக்கந்தான்." வீரு ஒரு அடி முன்னால் வந்தாள். "மேடம், இவரு..." "மேடம், கை கழுவுற எடம் அங்கிட்டு" என்றார் சடையாண்டி, சத்தமாக. அவருக்கு வரவேண்டியதை இன்னொருத்தி வாங்கித் தரவேண்டாம், மகளே ஆனாலும். வீரு வாயை மூடிக்கொண்டாள். அவரைப் பார்த்த பார்வையில் அவள் அம்மாவின் எரிச்சல் அப்படியே இருந்தது.

டீச்சர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "உக்காந்துதாம்மா சாப்புடணும், முட்டி சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. கீழ உக்காந்தா எந்திரிக்க முடியல" என்று சிரித்தாள். அவர் கைக்கு அடியில் நாற்காலி இருந்தது. நகர்த்தவில்லை. நகர்த்தினால் உட்கார்ந்துவிடுவாள், முட்டி வலிக்கு உட்காருவாள், அது வேறு கதை. விரல்கள் நாற்காலி முதுகை இறுக்கிப் பிடித்தன. வீரு அவர் கையைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு விரலாக எடுத்துவிடுவதுபோல மெதுவாக, நாற்காலியை அவரிடமிருந்து உருவி, டீச்சருக்குப் பின்னால் போட்டாள். டீச்சர் திரும்பிப் பார்க்காமலே அதில் இறங்கி, அப்பாடா என்றாள். "தேங்க்ஸ்மா வீரா." அப்பளத்தை நொறுக்கிச் சாதத்தில் போட்டாள். வீரு போய்த் தட்டில் சோறு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, அவர் பக்கத்தில், சுவரில் சாய்ந்து நின்று சாப்பிட்டாள். பாதி அப்பளத்தை ஒடித்து அவர் பக்கம் நீட்டினாள். வாங்கிக்கொண்டார். மகள் கணக்கு வேறு. டீச்சர் கணக்கு வேறு. இவர்களுக்கு முன்னால் இத்தனை வருஷம் கழித்து மங்கையர்க்கரசி டீச்சர் ஒருவழியாக நாற்காலியில் உட்கார்ந்து, ரசத்தை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அது மகள் போட்ட நாற்காலி. அவர் போட்டு, உக்காருங்க என்று அவர் சொல்லி உட்கார்ந்தால்தான் உண்டு. அவர் போட்டதில் அவள் இன்னும் உட்காரவில்லை.